நான்கு மதிப்பெண்ணுக்குள் என்ன இருக்கிறது?

(தென்காசியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மூன்று விடைத்தாள்களைப் பற்றிப் பேசித் தொடங்குகிறேன். நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள். மூவருக்கும் பத்துக்கு நான்கு.

முதல் பிள்ளை 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருக்கிறாள். கவனக்குறைவு என்று நாம் சிவப்பு மையால் அடித்துவிடுவோம். ஆனால் அவள் மிகுந்த கவனத்தோடுதான் எழுதியிருக்கிறாள். எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த விதியை அவள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 96இலிருந்து 54ஐக் கழிக்கச் சொன்னால் சரியாகச் செய்வாள். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தவறுவாள்.

இரண்டாமவன் கழித்தலில் கெட்டி. ஆனால் ‘நானூற்று மூன்று’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 4003 என்று எழுதுகிறான். நானூறு என்றால் 400, மூன்று என்றால் 3. காதில் விழுந்ததை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தொண்ணூறு என்ற பெயரில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரம் என்ற பெயரில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்ணின் இடமதிப்பு மனத்தில் பதியாத பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் வழிகாட்டுவதில்லை, வழி மாற்றிவிடுகின்றன.

மூன்றாமவளின் தாளில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. வாக்கியமாகக் கேட்ட கணக்குகள் ஆறும் வெற்றிடம். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்தால் அடுத்த நொடியே விடை சொல்கிறாள். அவளுக்குக் கணக்கில் குறையே இல்லை. தமிழ் வாசிப்பு வரவில்லை. அது கணக்குத் தாளில் வந்து நிற்கிறது.

இந்த மூவரையும் நாம் ‘கணக்கில் வீக்’ என்று ஒரே பட்டியலில் எழுதி, மாலையில் உட்காரவைத்து, மூவருக்கும் வாய்ப்பாட்டை நூறு முறை எழுதச் சொல்கிறோம். முதல் பிள்ளைக்கு வேண்டியது ஈர்க்குச்சிக் கட்டுகள்: பத்துப் பத்தாகக் கட்டிய கட்டில் ஒன்றை அவிழ்த்தால்தான் எட்டு எடுக்க முடியும் என்று அவள் கை உணர வேண்டும். இரண்டாமவனுக்கு வேண்டியது இடமதிப்பு அட்டைகள். மூன்றாமவளுக்கு வேண்டியது கணக்கு வாத்தியாரே அல்ல. ‘நான்கு’ என்ற எண் இவற்றில் எதையும் நமக்குச் சொல்லவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றிய கணத்தில், நமக்குத் தேவையான தகவல் பிள்ளையின் பைக்குள் போய்விட்டது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டுமானால் தேர்வின் விவரம் வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும், பிழை பிழையாக இருக்க வேண்டும், அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் ஒரு குறிப்பிட்ட நேரமாக மாற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நாம் தாள் திருத்திய உழைப்பு வீண்.

இதை என் சொந்தக் கருத்தாக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து மாநிலத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலறிஞர்கள் ஆந்திரத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. 100 பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று விரிவான அறிக்கை தயாரித்து ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அவ்வப்போது வந்து வகுப்பையும் பார்த்தார்கள். பார்க்க வந்த நாள்களில் ஆசிரியர்கள் கூடுதல் முனைப்போடு பாடம் நடத்தியதாகவே தெரிந்தது. ஆண்டு முடிவில் மறுபடி தேர்வு வைத்தபோது, இவை எதுவும் கிடைக்காத பள்ளிகளின் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் கூடுதலாக ஒன்றும் கற்றிருக்கவில்லை.

இந்த முடிவை ஆசிரியர்கள் மேல் குற்றமாகப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அறிக்கை வந்தது, உண்மை. பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி குறைந்ததா? வகுப்பில் கூடுதலாக ஓர் ஆள் வந்தாரா? பாடவேளை அட்டவணையில் அரை மணி நேரமாவது ஒதுக்கப்பட்டதா? அறிக்கையைப் படித்துவிட்டு அந்த ஆசிரியர் பழையபடி ஐந்தாம் பாடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இதற்கு முன்பே மும்பையிலும் வடோதராவிலும் நடந்த இன்னொரு முயற்சியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்தது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அவர்களைத் தனியே அழைத்துக்கொண்டு போய் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தார். பாலசகி என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர். அங்கே பிள்ளைகள் முன்னேறினார்கள், அதிலும் மிகப் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதை ஆய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். 2019இல் நோபல் பரிசு பெற்ற அதே இருவர்தான். ஆந்திரத்தில் விவரம் தாளாக வந்தது. மும்பையில் அதே விவரம் ஒரு பெண்ணாக, இரண்டு மணி நேரமாக வந்தது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் பலர் அதுவரை பெஞ்சையே பார்த்ததில்லை. 2022இல் ஏசர் என்ற கல்வி நிலை ஆய்வைச் செய்தவர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2018இல் அது பத்துப் பேர் அளவில் இருந்தது. நாடு முழுவதற்குமான அளவோ 2022இலும் இருபதை ஒட்டி இருந்தது. கல்வியில் முன்னேறிய மாநிலம் என்று நாம் நியாயமாகவே பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு நடுவில் இந்த எண்ணையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆனால் அதே ஆண்டுகளில் நடந்த நல்ல செய்தி பலருக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண்கள், பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள், மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு உண்டு. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் செய்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை நம் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்கிறது அது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள் சிலர் அந்த மீட்சியில் பங்குள்ளவர்கள். உங்களை யாரும் மேடையேற்றிப் பாராட்டியிருக்க மாட்டார்கள். நான் இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் அதன் கற்றல் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும் பயிற்சி நூல்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் 2025–26 முதல் ஆறிலிருந்து ஒன்பது வரை திறன் திட்டம் இதே எண்ணத்தில் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது அவமானமில்லை என்று ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். வயதைப் பார்த்து வகுப்பில் உட்காரவைக்கலாம். பாடத்தைப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

ஆனால் இந்த நிலைகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘அவன் அரும்புப் பையன்’ என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஜூனில் அரும்பு என்று எழுதியவன் பிப்ரவரியிலும் அரும்பாகவே பதிவேட்டில் கிடக்கிறான். கணக்கில் மலராக இருப்பவள் தமிழில் அரும்பாக இருக்கலாம். அதனால் நிலையைப் பாடத்துக்குப் பாடம் தனியாகத்தான் எழுத வேண்டும், மாதம் ஒரு முறையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். எழுதிய நிலை நான்கு மாதமாக ஒரு வகுப்பில் யாருக்குமே மாறவில்லை என்றால், அங்கே பிள்ளைகளைவிட நம் வேலையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த மாதப் பார்வைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இங்கே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. ஒரே செய்யுள் அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர் காதில் அது இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவார் என்பார்கள். பிள்ளை படிப்பதை அப்படிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், தனியாக. வகுப்பே சேர்ந்து பாடம் ஒப்பிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் படிப்பது போலத்தான் தோன்றும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் இருக்கும். தனியாகப் படிக்கச் சொன்னால்தான் தெரியும், ‘கொடி’ என்பதைச் சில பிள்ளைகள் ‘கெரடி’ என்று படிப்பது. அதுவும் அர்த்தமில்லாத பிழையில்லை. ஒற்றைக்கொம்பைக் கண்டதும் ‘கெ’ என்று சொல்லிவிட்டு, மிஞ்சி நிற்கும் துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்கிறது அந்தப் பிள்ளை. முன்னும் பின்னுமாக இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன என்று யாரும் அதற்குப் பொறுமையாகக் காட்டவில்லை. ஒகர, ஓகார வரிசையை ஒரு வாரம் விளையாட்டாகச் செய்தால் தீர்ந்துவிடும். தெரியாமல் விட்டால், அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. விவரம் பொய்யாக இருந்தால் உதவி தவறான பிள்ளைக்குப் போகும். மத்தியப் பிரதேசத்தில் அரசு நடத்திய தேர்வில் பதிவான மதிப்பெண்களையும், அதே பிள்ளைகளை வெளியார் மறுபடி சோதித்தபோது கிடைத்த மதிப்பெண்களையும் அபிஜீத் சிங் ஒப்பிட்டுப் பார்த்தார். அரசுப் பதிவேட்டில் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். நேரில் அப்படி இல்லை. ஏன் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ‘உங்கள் பள்ளியில் மட்டும் ஏன் இவ்வளவு பேர் அரும்பு?’ என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு முறை எழுந்து நின்று பதில் சொன்ன தலைமையாசிரியர், அடுத்த முறை அந்தக் கேள்வி வராதபடி பார்த்துக்கொள்வார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை, கேள்வியை மாற்ற வேண்டும். ‘எத்தனை பேர் அரும்பு’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘போன மாதம் அரும்பாக இருந்தவர்களுக்கு யார், எப்போது, என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? அதற்கு நாங்கள் என்ன உதவி செய்யட்டும்?’ என்று வட்டாரக் கல்வி அலுவலரும் ஆசிரியர் பயிற்றுநரும் கேட்கலாம். விவரங்களை எமிஸ் என்ற கல்வித் தகவல் செயலியில் ஏற்றும் நேரம் கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். அதை முணுமுணுப்பு என்று தள்ளாமல் கேட்க வேண்டும். வகுப்பறையில் பயன்படாத ஒரு விவரத்தை ஆசிரியரிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்பதே என் எண்ணம்.

பயம் பிள்ளைகள் பக்கமும் உண்டு. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் நம் மாநிலத்தில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லது. பத்து வயதுப் பிள்ளையைத் தேறவில்லை என்று நிறுத்திவைப்பதால் அதன் கடன் வாங்கும் கழித்தல் சரியாகிவிடாது.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மேற்கே செங்கோட்டை, தென்காசிப் பக்கம் அருவித் தண்ணீர் பாயும் வயல்கள். கிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் வானம் பார்த்த நிலம், விசைத்தறி, தீப்பெட்டி வேலை. ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர் என்று எங்கே போனாலும் பீடி. இவ்வளவையும் சேர்த்து ‘தென்காசி மாவட்டத்தின் கற்றல் அடைவு இத்தனை சதவீதம்’ என்று சொன்னால் அது யாருக்கு உதவும்? சிற்றாற்று அணையில் தண்ணீர் நிறையப் போகிறது என்பதால் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டார்.

இந்த ஊருக்கே உரிய ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிகள் திறப்பது ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் அப்போதுதான். ஆண்டின் முதல் நிலையறி மதிப்பீடும் பெரும்பாலும் அந்த வாரங்களில் வருகிறது. சீசனை நம்பிக் கடை போடும் குடும்பங்கள், வண்டி ஓட்டும் குடும்பங்கள், விடுதிகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சம்பாதிக்கும் நாள்கள் அவை. அந்த வீட்டுப் பிள்ளை மதிப்பீட்டு நாளில் வரவில்லை என்றால் அதன் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருக்கும். வெற்றிடம் பின்தங்கியோர் பட்டியலில் வராது. அதாவது, யாருக்கு உதவி மிக அதிகம் தேவையோ அவர்களே நம் கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ அந்தப் பிள்ளை வந்து சேரும் முதல் வாரத்தில் அதற்கு மட்டும் தனியாக அந்த மதிப்பீட்டைச் செய்துவிடுங்கள். பீடி வேலை நடக்கும் ஊர்களில், வாரக் கணக்கு ஒப்படைக்கும் நாளில் எந்தெந்தப் பெண் பிள்ளைகள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பதிவேடு தினமும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வருகை எவ்வளவு பேசும் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். யார் பள்ளிப்படிப்பை முடிப்பார் என்பதை, முன்பு வாங்கிய தேர்வு மதிப்பெண்களைவிட ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த நாள்களும் பாடங்களில் தேறியதுமே நன்றாகக் காட்டின. அதன்பின் சதவீதங்களைக் காட்டுவதோடு நிறுத்தாமல், வழுக்கத் தொடங்கிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையே பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பெயரைப் பார்த்ததும் ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையைத் தேடிப் போனார்கள். ஒன்பதாம் வகுப்பில் தடம் மாறாமல் போனவர்கள் 2007இல் 57 சதவீதம். 2013இல் 82 சதவீதம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் கூட்டத்தில் ‘எம்புள்ள நல்லா படிக்குதா டீச்சர்?’ என்று கேட்கிறீர்கள். ‘கணக்குல கொஞ்சம் வீக்கா இருக்காம்மா’ என்று பதில் வருகிறது. வீட்டுக்குப் போய் நாலு அடி. இனிமேல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: ‘எந்தக் கணக்கு டீச்சர் வரல? நீங்க அதுக்கு எந்த நேரத்துல சொல்லிக்கொடுப்பீங்க? நான் வீட்ல என்ன செய்யட்டும்?’ எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைக் கேட்கலாம். பீடியைக் கட்டுக் கட்டாக எண்ணத் தெரிந்த அம்மாவுக்குப் பத்துப் பத்தாகக் கட்டுவதும் அவிழ்ப்பதும் கைவந்த கலை. கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட ஆள் யார்?

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது ஒரு பாடவேளை. தினமும் முதல் பாடவேளை, நாற்பது நிமிடம், பள்ளி முழுவதற்கும் ஒரே நேரத்தில். அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக இல்லாமல் நிலை வாரியாக உட்காரட்டும். மூன்றாம் வகுப்புக்காரியும் ஐந்தாம் வகுப்புக்காரனும் ஒரே பாயில் உட்கார்ந்து ‘கொ, கோ’ படிக்கட்டும். ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவது குழுவுக்கு ஆள் இருக்காது. அந்த இடத்தில் இல்லம் தேடிக் கல்வியில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலரைக் கூப்பிடுங்கள், அவருக்கான தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழு ஊரில் திரட்டட்டும். வகுப்பாசிரியர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை. மேலே பெயர், கீழே தேதியோடு அந்தப் பிள்ளை செய்த பிழை அப்படியே: 52 − 38 = 26. எதிரே, என்ன செய்தோம், எப்போது சரியானது. அதிகாரி வந்தால் அந்த நோட்டைப் பார்க்கலாம், வாசிக்கலாம், யோசனை சொல்லலாம். எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அதிலிருந்து சதவீதம் கணக்கிடவும் கூடாது.

காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. இந்த முறை நான்கும் அதற்குக் கீழும் வாங்கிய தாள்களை மட்டும் இரண்டு நாள் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மடித்து மறைத்துவிட்டு, ஒரே மாதிரிப் பிழைகள் உள்ள தாள்களை ஒன்றாக அடுக்குங்கள். எத்தனை அடுக்கு வருகிறதோ அத்தனை குழு. அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் எந்த அடுக்கோடு யார் உட்காரப் போகிறார் என்பதை, இன்றைக்கு இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன் உங்கள் பள்ளிக்காரர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.